அவர் செய்யாததெல்லாம்

ஆட்டத்தில் தப்பு செய்த பெண்ணை அவள் உடனே வெளியே எடுத்ததே இல்லை. பந்து கையில் பட்டு எங்கேயோ பறந்தாலும் சரி, சர்வீஸ் வலையிலேயே முட்டி விழுந்தாலும் சரி, அந்தப் பெண் அடுத்த சில பந்துகளை ஆடியாக வேண்டும். ஒன்றையாவது ஒழுங்காக எடுத்த பிறகுதான், மாற்றவேண்டும் என்றால் கையைக் காட்டிக் கூப்பிடுவாள். பிள்ளைகள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஏரியூருக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அவள் விளையாட்டு டீச்சராக வந்து சேர்ந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைக்க நான் படாத பாடு படுவேன். அவள் மைதானத்தில் நின்று ஒரு விசில் ஊதினால் பாதி வகுப்பு காலி. சண்டைக்கே போனேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நீங்கள் மைதானத்துக்கு வந்து பாடம் நடத்துங்கள், அரை மணி நேரம் கணக்கு, அதற்குப் பிறகு பந்து என்றாள். கரும்பலகையைக் கம்பத்தில் சாய்த்து வைத்து நானும் நடத்தினேன். பாடம் முடிந்ததும் கிளம்ப மனமில்லாமல் அங்கேயே நிற்க ஆரம்பித்தேன். போட்டிகளுக்குப் போகும்போது கூட ஒரு டீச்சர் வரவேண்டும் என்ற விதி இருந்ததால், வாலிபால் பற்றி ஒன்றும் தெரியாத நான் அந்த டீமுக்கு மேனேஜர் ஆனேன்.

அவளுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். சித்தேரி மலைக்காரி. ஒல்லி, குரல் மட்டும் கனமாக இருக்கும். அந்தக் குரலை அவள் உயர்த்திக் கேட்டதில்லை.

முதல் மாதம் பந்தையே கண்ணில் காட்டவில்லை. கேழ்வரகுத் தாளைப் பரப்பி, மேலே சாக்கை விரித்து, பிள்ளைகளை விழச் சொன்னாள். முன்னால் விழு, பக்கவாட்டில் விழு, விழுந்த வேகத்தில் எழுந்திரு. எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். விழ பயப்படுகிறவள் பந்துக்குப் போகவே மாட்டாள், பந்துக்குப் போகாதவளைத் திட்டி என்ன பிரயோஜனம் என்றாள். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அவளிடம் கிடையாது. ஓட்டத்தைத் தண்டனை ஆக்கிவிட்டால் ஆட்டத்திலும் கால் ஓடாது என்பாள்.

பந்து தன்னுடையது என்றால் சத்தமாகச் சொல்லவேண்டும் என்பது அவளுடைய முதல் சட்டம். பவித்ரா என்று ஒரு பெண் இருந்தாள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஒருநாள் பந்து நேராக முகத்துக்கு வரவும் பயத்தில் "நந்து" என்று கத்திவிட்டாள். கன்னடத்தில் என்னுடையது என்று அர்த்தம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இனிமேல் எல்லோரும் அப்படியே கத்துங்கள், எதிர் டீமுக்குப் புரியாது என்றாள். ஒரே வாரத்தில் மைதானம் முழுக்க நந்து, நந்து என்று கேட்டது. வாய் திறக்காத பவித்ராதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

ஆட்டத்தில் இறங்காமல் வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் அவள் சும்மா விடமாட்டாள். எதிர்ப்பக்கம் சர்வீஸ் போடுகிறவளின் தோளை ஒருத்தி கவனிக்க வேண்டும். எந்த இரண்டு பேருக்கு நடுவில் இடம் கிடக்கிறது என்று இன்னொருத்தி பார்க்க வேண்டும். டைம் அவுட் கிடைக்கிற அரை நிமிஷத்தில் முதலில் பேசுவது அந்த வெளியே இருக்கிற பிள்ளைகள்தான். கடைசியாக அவள் ஒரே ஒரு விஷயம் சொல்வாள். அது செய்யவேண்டிய காரியமாக இருக்கும். இப்படிச் செய்யாதே என்ற பேச்சு அவள் வாயில் வந்ததில்லை. நடந்த தப்பைப் பற்றி மறுநாள் மைதானத்தில்தான் பேச்சு.

அப்பா அம்மாக்களை வரவழைப்பதில் மட்டும் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நிற்பாள். காட்டு வேலை இருக்கிறது என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம், வாருங்கள் என்பாள். வந்தவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பாள். கண் இமைக்காமல் அவர்களையே ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க விடுவாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது.

இரண்டாம் வருஷம் ஒருநாள் பிரேயருக்கு வைக்கிற ஸ்பீக்கரை மைதானத்துக்குத் தூக்கிவரச் சொன்னாள். தன் செல்போனை அதில் இணைத்தாள். ஒரு ஆணின் குரல் அலற ஆரம்பித்தது. "எரும, கைய என்ன வாடகைக்கா எடுத்துக்கிட்டு வந்த? போடி, போய் மாடு மேய்க்கப் போ." வசவுக்கு மேல் வசவு, இடையில் விசில், கூட்டத்தின் இரைச்சல். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முழித்தார்கள். ஆடுங்கள் என்று கையைக் காட்டினாள். தினமும் அந்தக் குரலை ஓடவிட்டுத்தான் பயிற்சி. முதலில் மிரண்டார்கள், பிறகு சிரித்தார்கள், கடைசியில் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இது யார் என்று கேட்டேன்.

"இருக்காருங்க ஒருத்தரு. தருமபுரியில பெரிய ஸ்கூல் கோச். நம்ம புள்ளைங்க ஒருநா அவரு டீமோட ஆடணும். அன்னிக்கு இந்தக் குரலு புதுசா இருக்கக்கூடாது."

தெரிந்தவர் ஒருவரை அனுப்பி ஒரு போட்டியில் பதிவுசெய்து வரச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ தட்டியது. ஒரு எதிர் டீமை ஜெயிக்கிற ஆசை வேறு. ஒரு மனிதனின் குரலை வருஷக்கணக்கில் கூடவே வைத்துக்கொண்டு அலைவது வேறு. அதன் பிறகு அவள் செய்கிற ஒவ்வொன்றையும் நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பதிவில் அவர் தண்டனையாக ஓடச் சொல்லிக் கத்தினார்; இவள் ஓடவிடவில்லை. அவர் நடுவில் திட்டினார். இவள் மறுநாள் பேசினாள். அவர் பந்தைத் தவறவிட்டவளை உடனே வெளியே இழுத்தார், இவள் இழுக்கவில்லை. நான் பாசம் என்று நினைத்தது முழுக்க ஒரு ஆளுக்கு எதிராகச் செய்யப்பட்ட காரியம். அவர் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள்.

பிள்ளைகளுக்கும் வாசனை பட்டுவிட்டது. கேப்டன் ஜெசிந்தா எதையும் நேராகக் கேட்கிற பெண். மாதா கோயிலுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமையும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவாள். அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"டீச்சர், நாம யாருக்காக விளையாடறோம்?"

"எனக்காக," என்றாள் இவள். "உங்களுக்காகவும் விளையாடணும்னா விளையாடுங்க பாப்பா. நான் தடுக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெசிந்தா, சரிங்க டீச்சர் என்று சொல்லி சர்வீஸ் போடப் போய்விட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் பிள்ளைகளிடம் அவள் இன்னொன்று சொன்னாள். அவர் ஆட்டத்துக்கு நடுவில் யாரைத் திட்டுகிறாரோ, அடுத்த சர்வீஸ் அந்தப் பெண்ணிடம்தான் போக வேண்டும். திட்டு வாங்கியவளின் கண் பந்தில் இருக்காது, அவர் மேல்தான் இருக்கும். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. தன் பிள்ளைகளிடம் அத்தனை பொறுமையாக இருந்தவளின் முகம்தானா இது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவர் டீமை நேருக்கு நேர் சந்தித்தோம். தருமபுரியில் நடந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில். அவர் இவளைப் பார்த்துத் தலையசைத்தார். இவள் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். நல்ல டீம்தான், உயரமான பிள்ளைகள். இரண்டாவது செட் தொடங்கியதும் அவர் கத்த ஆரம்பித்தார். பழகிய குரலைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிலேயே அவர்களுக்குப் பாதி பயம் போயிற்று. பின்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் ஒரு பந்தை விட்டாள். எரும என்றார் அவர். ஜெசிந்தா சர்வீஸ். பந்து நேராக இரட்டைச் சடைக்குப் போனது. விட்டாள். மறுபடியும் திட்டு, மறுபடியும் அவளுக்கே சர்வீஸ். அந்தப் பெண் பந்தை விட்டுவிட்டு அவரையே பார்ப்பது எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. பாயிண்ட் பாயிண்டாக ஏறிக்கொண்டிருந்தோம். செட்டை ஜெயித்தோம்.

கடைசி செட் தொடங்கியதும் அந்தப் பெண் இன்னொரு பந்தை விட்டாள். அவர் அவளை வெளியே கூப்பிட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி அவளை அதில் உட்கார வைத்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

நான் இவளைப் பார்த்தேன். இவள் முகம் வெளுத்திருந்தது.

அவர் அடுத்ததாக வேறொரு பெண்ணைத் திட்டினார். ஜெசிந்தாவின் சர்வீஸ். பந்து அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை, வேறெங்கோ போனது, அவர்கள் அழகாக எடுத்து அடித்துவிட்டார்கள். இவள் டைம் அவுட் கேட்டாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"நான் அவகிட்டப் போட மாட்டேன் டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. "போட்டா அவளையும் இந்த மாதிரி உக்கார வெப்பாரு."

அரை நிமிஷத்தில் பாதி போய்விட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"வேற எங்க போடுவ?"

"நடுவுல எடம் கெடக்குதுன்னு பவித்ரா சொன்னா."

"சரி. அங்கயே போடு."

நடுவில் போட்டார்கள். அந்தப் பக்கத்து டீமில் பந்து என்னுடையது என்று சத்தம் கொடுக்கிற வழக்கமே கிடையாது. வாயைத் திறந்தால் திட்டு விழும். இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழுந்தபடியே இருந்தது. எங்கள் பக்கம் நந்து, நந்து என்று காது கிழிந்தது. ஜெயித்துவிட்டோம். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாக்கள் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார்கள். இவள் மட்டும் அசையாமல் எதிர்ப்பக்கத்தையே பார்த்தபடி நின்றாள்.

பரிசளிப்பில்தான் அது நடந்தது. மேடையில் இருந்தவர்கள் அவரை மூத்த பயிற்சியாளர் என்று சொல்லி இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தார்.

"இந்த டீச்சர் யாருன்னு நெனைக்கிறீங்க? என் ஸ்டூடண்ட். மலையிலேர்ந்து ஒன்னும் தெரியாம எறங்கி வந்த பொண்ணு. நான் வளத்த புள்ள. அதனால எனக்கு வருத்தமே இல்ல. தோத்ததும் என் டீமு, ஜெயிச்சதும் என் டீமு."

கூட்டம் பலமாகக் கைதட்டியது. இவள் கோப்பை வாங்கப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்தாள். வரிசையை விட்டு மேடையேறினாள். மைக்கைக் கேட்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவரே சிரித்தபடி கொடுத்தார்.

"சார் சொன்னது உண்மைங்க. இவருகிட்டதான் நான் விளையாடினேன். பத்தாவது படிக்கறப்ப ஒரு ஃபைனல்ல ரெண்டு பந்த விட்டுட்டேன். வெளிய கூப்புட்டாரு. சேரத் திருப்பிப் போட்டு, ஆட்டத்தப் பாக்க உனக்கு யோக்கியதை இல்லன்னாரு. இன்னிக்கு அந்தப் பொண்ணு உக்காந்திருந்தாளே, அதே மாதிரி. எனக்கு எதுத்தாப்புல கூட்டத்துல எங்கப்பா இருந்தாரு. என் ஆட்டத்தப் பாக்கணும்னு சித்தேரியிலேர்ந்து மொத பஸ்ஸுக்கு எறங்கி வந்திருந்தாரு. ஆட்டம் முடியற வரைக்கும் அவரு என்னையப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் அவரப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் எந்த மேட்சுக்கும் எங்கப்பா வரல. இப்ப உயிரோட இல்ல."

குரல் உயரவே இல்லை. ஸ்பீக்கர் வழியாக அது மைதானம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

"இவரு எனக்குச் செஞ்சது ஒன்னுகூட என் புள்ளைங்களுக்கு நான் செய்யலைங்க. அதனாலதான் ஜெயிச்சாங்க. இவருகிட்ட நான் கத்துக்கிட்டது அதுதான்."

மைக்கை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஒருவரும் கைதட்டவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து போய் இரட்டைச் சடைப் பெண்ணின் கையைப் பிடித்தாள். அவர் நின்ற மேடையைப் பார்த்து, நாளைக்கு வந்து டி.சி. வாங்கிக்கறோம் சார் என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

பொய் சொல்ல மாட்டேன், அவர் முகம் செத்துப்போனதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் பென்னாகரம் தாண்டும்வரை கத்திக்கொண்டே வந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னிடம்கூட இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிட்டா ஆறிப்போயிருமுங்க டீச்சர்."

அந்த இரட்டைச் சடைப் பெண்ணுக்கு அத்தனை சர்வீஸ் போடச் சொன்னது நியாயமா என்றும் கேட்டேன். உரிப்பதை நிறுத்தினாள். அவளை உட்கார வைத்தது நான் இல்லை, அவர் என்றாள். சரிதான். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் இன்றுவரை முழுசாக விழுங்க முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஊர் வந்து இறங்கும்வரை அந்தக் கடலைப் பொட்டலம் மடியில் அப்படியே கிடந்தது.

அந்தப் பேச்சை யாரோ செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெரிய பள்ளியிலிருந்து இன்னும் சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வருஷம் முடிவதற்குள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். கணக்கு தீர்ந்தது, இனிமேல் இவள் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த கோடை விடுமுறையில் மாறுதல் கேட்டு விண்ணப்பித்தாள். தீர்த்தமலைப் பக்கம் ஒரு பள்ளி. சித்தேரிக்குக் கிட்டத்தில் போக நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

கிளம்புகிற அன்று கேட்டுவிட்டேன். அம்மா பக்கத்தில் இருக்கலாம் என்பதற்காகத்தானே என்று.

"அம்மா என் தம்பி வூட்ல நல்லாத்தான் இருக்குது," என்றாள். "அவரு இப்ப அரூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல சேந்துட்டாருங்க. நான் போற ஸ்கூலும் அதே ஜோனு. இங்க இருந்தா ஜில்லா மேட்ச் வரைக்கும் ரெண்டு டீமும் ஜெயிச்சு வந்தாத்தான் அவரப் பாக்க முடியும். அங்கன்னா வருஷா வருஷம் மொத ரவுண்டுலயே பாக்கலாம்."

ஜெசிந்தா அழுதாள். பவித்ரா ஸ்கூல் கேட் வரைக்கும் கூடவே போனாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பிள்ளைகளை அவர் ஒருத்தருக்காக விட்டுவிட்டுப் போகிறாளே என்று பல நாள் போன்கூடச் செய்யவில்லை. டீமை நான்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். அவள் செய்ததை அப்படியே செய்கிறேன். எனக்கு அந்த வெறி இல்லை. நாங்கள் மாவட்ட இறுதி வரை மறுபடியும் போகவில்லை.

போன ஆகஸ்டில் அவளே கூப்பிட்டாள். ஜோன் மேட்ச் முடிந்துவிட்டது, தோற்றுவிட்டோம் என்றாள். அவரிடமா என்றேன். ஆமாம் என்றாள். குரல் தோற்றவளின் குரலாக இல்லை. எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்ட மாதிரி இருந்தது.

"அவரு இப்ப திட்டறதே இல்லீங்க டீச்சர். ஒரு பொண்ணு நாலு பந்து விட்டா. வெளிய எடுக்கல. டைம் அவுட்ல வெளிய இருக்கற புள்ளைங்களப் பேச விடறாரு. அப்பா அம்மாவயெல்லாம் முன்னாடி உக்கார வெச்சிருக்காரு. எல்லாம் நான் செஞ்சது. அப்படியே எடுத்துக்கிட்டாரு."

அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதானே டீச்சர் என்றேன்.

போனில் அவளுக்குப் பின்னால் மைதானத்தில் பந்து தட்டுகிற சத்தமும் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"நல்லதுதான்," என்றாள் கடைசியில். "அதுக்காக நான் விட்டுருவேனா?"